கோமு உட்கார, அண்ணாச்சி நின்றார்

முக்கூடலில் கல்யாணப் படம் என்றால் ஞானம்பாள்தான். கணவர் மகேஷின் ஸ்டுடியோவில் ஆல்பம் ஒட்டிக்கொண்டிருந்தவர். காஜா முகைதீன் வீட்டு நிக்காஹ்வில் பெண்கள் பக்கம் படமெடுக்கப் பெண்தான் வேண்டும் என்றார்கள். அன்று கேமராவைக் கையில் எடுத்தவர் பிறகு கீழே வைக்கவேயில்லை. இப்போது மகேஷ் லைட் பிடிக்கிறார்.

போன தை மாதம் புதுப்பெண் விஜயஸ்ரீயின் மறுவீட்டு விருந்து. பெண் வீட்டுக் கூடத்தில் நூற்றுமுப்பது வருஷத்துக்கு முந்தைய படம் ஒன்று தொங்கியது. தலைப்பாகையோடு பூட்டன் நாற்காலி நிறைய உட்கார்ந்திருக்க, பூட்டி நாற்காலி முதுகை விரல் நுனியால் தொட்டபடி தலைகுனிந்து நின்றாள். அடியில் அவர் பெயர் பட்டத்தோடு இருந்தது. அவளுக்கு ‘சம்சாரம்’ என்று மட்டும்.

“படம் விழுற வரைக்கும் அசையப்படாது அப்போ. இம்புட்டு நகையோட நின்னிருக்காளே!” என்றார் ஞானம்பாள்.

விஜயஸ்ரீ துள்ளினாள். “அக்கா, இதே மாதிரி எங்களையும் எடுங்க. நான் உக்காருதேன். அவிய நிக்கட்டும்!”

மாப்பிள்ளை கார்த்திகேசன் வாயைத் திறப்பதற்குள் ஞானம்பாள் நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டார்.

“கைய எங்கன வைக்க?”

“நாற்காலி முதுகுல. பைய. தலையக் கொஞ்சம் குனிங்க, மாப்பிள்ளை.”

படம் விழுந்ததும் விஜயஸ்ரீயின் மாமியார் கோமு விறுவிறுவென்று வந்தார். எல்லாரும் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

“ஏட்டி, எந்திரி. அடுத்தது நான்!” உட்கார்ந்துகொண்டு கணவரைக் கூப்பிட்டார். “இங்கன வந்து நில்லுங்க.”

குற்றாலலிங்கம் அண்ணாச்சி தாசில்தாராக இருந்தவர். ஊரே அவர் முன்னால் நின்றிருக்கிறது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, துண்டைச் சரிசெய்து வந்து நின்றார். நாற்காலியைத் தொட்டார். தலையையும் குனிந்தார்.

“சிரிக்கப்படாது, அண்ணாச்சி!” என்றார் ஞானம்பாள்.

சிரித்தது கோமுதான். சிரித்துச் சிரித்து விக்கல் வந்தது. அதைப் பார்த்து ஞானம்பாளும் சிரித்ததில் படங்களெல்லாம் கலங்கிப்போயின. அதற்குள் பெண்கள் ஆளுக்கொரு கணவரைப் பிடித்திழுத்து வரிசையில் நின்றுவிட்டார்கள். சாம்பார் ஆறுகிறது என்று சத்தம்போட வந்த சமையல்காரரை அவர் மனைவி பாக்கியவதி நாற்காலி ஓரமாக நிறுத்தி, ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு ராணி மாதிரி உட்கார்ந்தார். சாம்பார் ஆறியே போயிற்று.

அப்புறம் தூரத்துக் குலசேகரன்பட்டினத்திலிருந்துகூட இந்தப் படத்துக்கு அழைப்பு. சிவப்பு மெத்தை போட்ட நாற்காலி ஒன்று வாங்கி வேன் கூரையில் கட்டிக்கொண்டு ஞானம்பாளும் மகேஷும் புறப்பட்டார்கள். வழியில் ஒரு போலீஸ்காரர் நிறுத்தினார்.

“யாருக்கும்மா இந்தச் சிம்மாசனம்?”

“உங்க வீட்டம்மாவுக்கும் உண்டு, சார். போன் நம்பர் குடுங்க.”

அவர் யோசித்தார். மீசைக்குள் சிரித்துக்கொண்டே நம்பரைச் சொன்னார்.