குலுக்காத கை

என் தங்கைக்கு ஆமை என்று பெயர் வைத்தவன் நான்தான். நாலு பாத்திரம் துலக்க ஒரு மணி நேரம் எடுப்பாள். ஆனால் அவள் கையில் ஒரு தம்ளர்கூட உடைந்ததில்லை. இருபது வருடமாக ஒரு நுண்ணுயிர் ஆய்வுக்கூடத்தில் உதவியாளர். குப்பிகளைக் கழுவி அடுக்குவாள், பாக்டீரியா வளர்ந்த நீரை மைக்ராஸ்கோப்புக்குத் தயார் செய்வாள். அந்தப் பெயர் அங்கேயும் போய்ச் சேர்ந்துவிட்டது.

அங்கே ஓர் ஆராய்ச்சி மாணவி மூன்று வருடமாக ஒரே கேள்வியோடு மல்லுக்கட்டினாள். சில பாக்டீரியாக்கள் தம் புரதங்களை வெளியே செலுத்த, உடம்பிலேயே ஊசி கட்டிக்கொள்கின்றன. முதலில் சுவரில் வளையங்கள். பிறகு வளையத்தின் துளை வழியே புரதத் துகள்கள் ஒவ்வொன்றாக ஏறி நுனியில் ஒட்ட, ஊசி வளரும். எல்லா ஊசியும் ஏறக்குறைய ஒரே நீளம். அது எப்படி என்பதுதான் அவள் கேள்வி. அவள் ஒரு புரதத்தை நீக்கிப் பார்த்தாள். ஊசிகள் குட்டை குட்டையாக வந்தன. ஊசியை வளர்ப்பதே அந்தப் புரதம்தான் என்று முடிவு கட்டினாள். வெள்ளிக்கிழமை அதைப் பெரிய சபையில் சொல்ல வேண்டும்.

செவ்வாயன்று மேஜை துடைக்கப் போன என் தங்கை, திரையில் இருந்த படத்தைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"ஏம்மா, கீழ இவ்வளவு துண்டு கிடக்கே, எதோடது?"

"சும்மா குப்பைக்கா."

"குப்பை அள்ளுறவ நான். எந்தக் குப்பைம்மா இப்படி ஒரே தடிமனா இருக்கும்? ஊசி ஒடிஞ்சிருக்கு. குழாயை யாரு கலக்குனது?"

"நான்தான், குலுக்குற மெஷின்ல. புரதம் நீக்காத நல்ல பாக்டீரியாவையும் அதுலதான் குலுக்குனேன். அதுல எதுவும் ஒடியலையே?"

"நீளக் குச்சிதான் முதல்ல ஒடியும்."

மாணவி படத்திலிருந்த குட்டை ஊசிகளை மறுபடி பார்த்தாள். நீளமாக வளர்ந்து ஒடிந்ததன் மிச்சமா இவை? அது உண்மையானால் மூன்று வருடப் பேச்சும் தலைகீழ்.

"உங்ககிட்ட கலக்கக் குடுத்தா அடுத்த வருஷம்தானேக்கா கைக்கு வரும்!"

"வியாழக்கிழமை வரும். ரெண்டையும் புதுசா வளர்த்துக் குடு."

என் தங்கை மெஷின் பக்கமே போகவில்லை. குழாயை உள்ளங்கையில் வைத்து, இந்தப் பக்கம் ஒரு சாய்ப்பு, அந்தப் பக்கம் ஒரு சாய்ப்பு. அரை நாள் போயிற்று.

வியாழன் மதியம் படம் வந்தது. நல்ல பாக்டீரியாவில் ஊசிகள் பழையபடியே இருந்தன. புரதம் நீக்கியதில் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, கணக்கில்லாமல் நீண்டிருந்தன. கீழே துண்டுகளே இல்லை. அந்தப் புரதம் ஊசியை வளர்க்கவில்லை. போதும் என்று நிறுத்துகிறது.

"மூணு வருஷமா தப்பா நினைச்சிருக்கேன்க்கா."

"சபையில இன்னும் சொல்லலையே. நாளைக்கு நேரா சொல்லிடு, முடிஞ்சது."

சொன்னாள். தங்கையோடு நானும் போயிருந்தேன். இவ்வளவு நீள ஊசி ஒடியாமல் எப்படிக் கிடைத்தது என்று ஒரு பேராசிரியர் கேட்டார்.

"கலக்குனது நான் இல்லை சார். கடைசி வரிசையில இருக்காங்க. அக்கா, எழுந்திருங்க."

அதற்கும் அவள் அவசரப்படவில்லை. முந்தானையைச் சரிசெய்தாள், மடியிலிருந்த பையை நாற்காலியில் வைத்தாள், பிறகுதான் எழுந்தாள். அவ்வளவு பெரிய சபையும் திரும்பிப் பார்த்துக் காத்திருந்தது.