முதல் பாகத்தில் நின்றுபோன கிள்ளான் டிக்கெட்

இதை எழுதவே வேண்டாம் என்று நான்கு தீபாவளியைக் கடத்திவிட்டேன். ஒவ்வொரு தடவையும் முருகன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து, தாளில் பிள்ளையார் சுழி போட்டு, அப்படியே மடித்து வைத்துவிடுவேன். மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். பிழை வந்துவிடுமே என்பது ஒரு பயம். உள்ளதை உள்ளபடி எழுதினால் படிக்கிறவர்கள் என்னை எப்படி நினைப்பார்களோ என்பது அதைவிடப் பெரிய பயம். இன்று காலை தகரப் பெட்டியைத் துடைத்தபோது பழைய நாவல் ஒன்றின் முதல் பாகம் கையில் அகப்பட்டது. கடைசிப் பக்கத்தில் அந்த அட்டை டிக்கெட் இருந்தது. கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு, மூன்றாம் வகுப்பு, ஓரத்தில் ஒரு ஓட்டை. என் மனைவி கடைசியாகத் தன் அக்காள் வீட்டுக்குப் போய்த் திரும்பிய நாளில், ஸ்டேஷன் வாசலில் டிக்கெட்டைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் ஆளிடம், "புஸ்தகத்துல அடையாளம் வைக்கணும் அண்ணே, குடுத்துடுங்க" என்று கெஞ்சி வாங்கி வந்தது.

அப்போது நாங்கள் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே லயத்து வரிசை வீடுகளில் ஒன்றில் இருந்தோம். எனக்கு சிக்னல் விளக்குகளைத் துடைத்து எண்ணெய் ஊற்றும் வேலை. ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் பஜனை மடத்தில் கூடுவோம். பாட்டு முடிந்து கற்பூரத் தட்டு சுற்றி வந்ததும், எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து, இப்போது என்ன புத்தகம் படிக்கிறோம், அதில் என்ன பிடித்தது என்று சொல்ல வேண்டும். ஒருவர் துப்பறியும் கதை சொல்வார், ஒருவர் பக்திக் கதை சொல்வார், தச்சுப் பட்டறைக்காரர் பஞ்சாங்கத்தைக்கூட விடமாட்டார். அதற்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. புத்தகத்தைத் தூக்கி, அடையாளம் வைத்திருக்கும் இடத்தை எல்லோருக்கும் காட்டிவிட்டுத்தான் பேச வேண்டும். அதற்கு அப்பால் ஒரு வரிகூடப் பேசக் கூடாது. சாமி முன்னால் சத்தியம் செய்த மாதிரி அதைக் காப்பாற்றி வந்தோம்.

காப்பாற்றாதவர் ஒருவர் இருந்தார். கூட்ஸ் ஷெட்டில் கணக்கு எழுதும் கிராணியார். ஆங்கிலம் தெரிந்தவர், கோட்டு போடுகிறவர். அவர் கையில் ஒரு நாளும் புத்தகம் இருக்காது, அடையாளமும் இருக்காது. யாராவது பேச ஆரம்பித்தால், "அதுவா? அத நான் எப்பவோ படிச்சாச்சு. கடைசியில தம்பிதான் கொலகாரன்" என்று போட்டு உடைப்பார். எல்லோருக்கும் முகம் சுருங்கிப் போகும். ஆனால் பார்சலுக்கும் பாஸுக்கும் அவரிடம் போய்த்தானே நிற்க வேண்டும்! அதனால் சிரித்து வைப்போம். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "என்னா வெளக்கு, இன்னும் எழுத்துக் கூட்டிக்கிட்டுத்தான் இருக்கியா? நீ படிச்சு முடிக்கறதுக்குள்ள கதாநாயகிக்குப் பேரப்புள்ள பொறந்துடும்" என்பார். அதற்கும் சிரித்திருக்கிறேன்.

என் மனைவிக்குப் படிக்கத் தெரியாது. வேலைக்குப் போகுமுன் நான் ஒரு அத்தியாயம் படிப்பேன். அவள் மாவரைத்துக்கொண்டே கேட்பாள். மறுநாள் தண்ணீர்க் குழாயடியில் அதே கதை நடக்கும். "அக்கா, அந்தப் பொண்ணு மாமியாகாரிகிட்ட மாட்டிக்கிட்டாளே, அப்புறம் என்னாச்சு?" என்று பெண்கள் குடத்தை வைத்துவிட்டுக் காத்திருப்பார்கள். அவளும் படித்த இடத்தோடு நிறுத்திக்கொள்வாள். "அம்புட்டுத்தான் படிச்சாரு. மிச்சத்த நான் என் வயித்துலயா வச்சிருக்கேன்?" என்பாள். நெஞ்சில் சளி கட்டி, பெரிய ஆஸ்பத்திரியில் கையை விரித்து வீட்டுக்கு அனுப்பிய பிறகும், சன்னலோரம் பாயில் படுத்தபடி கேட்டாள். முதல் பாகம் முடிகிற இடத்தில், புருஷன் வீட்டிலிருந்து துரத்தப்பட்ட அந்தப் பெண் குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றை நோக்கி நடக்கிறாள். அதோடு நிற்கிறது. இரண்டாம் பாகத்துக்குக் கடையில் சொல்லி வைத்திருந்தோம். அடுத்த கப்பலில் வரும் என்றார்கள். என் மனைவி டிக்கெட்டை அந்தப் பக்கத்தில் வைத்து, புத்தகத்தை நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு சொன்னாள்: "அந்தப் பொண்ணு புருஷன்கிட்டப் போய்ச் சேர்றதக் கேட்டுட்டுத்தாங்க நான் போவேன். கப்பல் வரட்டும்." அதற்காகவே கஞ்சி குடித்தாள். இருமல் வந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தாள்.

ஒரு சனிக்கிழமை, நான் வேலையில் இருந்தபோது, கிராணியார் லயத்து வழியே போயிருக்கிறார். சன்னலில் புத்தகத்தைப் பார்த்ததும் நின்றிருக்கிறார். பக்கத்து வீட்டுப் பெண் கேட்டுக்கொண்டிருந்து, வார்த்தை மாறாமல் என்னிடம் சொன்னாள்.

"ரெண்டாம் பாகத்துக்கா காத்துக்கிட்டு இருக்கே? நான் பினாங்குலயே படிச்சிட்டேன். அந்தப் பொண்ணு கெணத்துல விழுந்து செத்துப்போறா. புருஷன் வேற கல்யாணம் கட்டிக்கிறான்."

"நெசமாவாங்க ஐயா?"

"நான் என்ன பொய்யா சொல்றேன்?"

நான் வந்தபோது அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தாள். புத்தகம் தரையில் கிடந்தது. "இனிமே படிக்க வேணாங்க" என்றாள். கஞ்சியை வாங்கவில்லை. எட்டாம் நாள் போய்விட்டாள். நோய்தான் கொண்டுபோனது, நான் அபாண்டம் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த எட்டு நாளும் அவள் முகத்தில் இருந்ததைப் பார்த்தவன் நான் ஒருவன்தான்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த வாரத்தில் கப்பல் வந்தது. இரண்டாம் பாகத்தை வாங்கிக்கொண்டு, சிக்னல் கம்பத்தடியில் வெயிலில் நின்றபடியே கடைசி அத்தியாயத்தைப் பிரித்தேன். அந்தப் பெண் கிணற்றில் விழவேயில்லை. தண்ணீர் மொண்டுகொண்டு திரும்புகிறாள். கடைசியில் புருஷனோடு சேர்ந்து வீட்டில் விளக்கேற்றுகிறாள். கிராணியார் அந்தப் புத்தகத்தைத் தொட்டதுகூட இல்லை. முதல் பாகத்தின் முடிவை யாரோ சொல்லக் கேட்டு, மீதியை வாய்க்கு வந்தபடி அளந்திருக்கிறார்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. ஞாயிறுதோறும் மடத்தில் அவருக்குப் பின்னால் உட்கார்ந்து அவர் பிடரியையே பார்த்துக்கொண்டிருப்பேன். மற்றவர்கள் பிள்ளை குட்டிக்காக வேண்டிக்கொள்வார்கள். நான், "முருகா, ஒரு நாள் இந்த ஆளை என் கையில் கொடு" என்று வேண்டினேன். வெள்ளிக்கிழமை உப்பில்லாமல் சாப்பிட்டு வேண்டினேன். ஆறு வருஷம்.

கொடுத்தான். கிராணியாருக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்து வேலை போயிற்று. பிள்ளைகள் இல்லை. ஒரு நாள் அவர் சம்சாரம் என் வாசலில் வந்து நின்றாள். "அண்ணே, நாள் பூரா சும்மா ஒக்காந்திருக்காரு. பைத்தியம் புடிச்சிடும் போல இருக்கு. ஏதாச்சும் ஒரு கத படிச்சுக் காட்டுவீங்களா?" வருகிறேன் என்றேன். இரண்டு பாகத்தையும் பையில் போட்டுக்கொண்டு போனேன்.

பதினேழு நாள் படித்தேன். மனிதர் கதையில் அப்படியே விழுந்துவிட்டார். நான் வரும் சத்தம் கேட்டதும் நாற்காலியை நகர்த்திப் போடுவார். "தம்பி" என்று கூப்பிட்டார், முதல் தடவையாக. "அந்தப் பொண்ணு பாவம் தம்பி, அவளுக்கு ஒண்ணும் ஆகக் கூடாது" என்று மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பதினேழாம் நாள், அவள் குடத்தோடு கிணற்றை நோக்கி நடக்கும் இடத்தில் நிறுத்தினேன்.

"படி தம்பி. கெணத்துல விழுந்துடுவாளா?"

"என்னையக் கேக்குறீங்களே கிராணியாரே! நீங்கதான் ரெண்டாம் பாகத்தப் பினாங்குலயே படிச்சீங்களே."

அவருக்கு உடனே விளங்கவில்லை. பிறகு விளங்கியது. "அந்த சன்னலா?" என்றார். நான் முதல் பாகத்தை மூடினேன். "தெரியாம ஏதோ பெருமைக்குச் சொல்லிட்டேன் தம்பி. முடிவ மட்டும் சொல்லு" என்று கையை நீட்டித் தடவினார். இரண்டாம் பாகம் என் மடியிலேதான் இருந்தது.

"கெணத்துல விழுந்து செத்துப்போயிட்டா. நீங்க சொன்னதுதான்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

அவர் நம்பியிருக்க மாட்டார். நம்பாமலும் இருக்க முடியாது. மூன்று தடவை சம்சாரத்தை அனுப்பினார். கடைசித் தடவை, "முடிவு வேணாமாம் அண்ணே, ஒரே ஒரு பக்கம் படிச்சாப் போதுமாம்" என்றாள் அந்த அம்மா. வேலை இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். மாசி மாதம் இறந்துபோனார். நானும் ஒரு தோள் கொடுத்தேன்.

வருத்தமாக இல்லையா என்று கேட்பீர்கள். சாமிக்கு விளக்கேற்றும்போது வருத்தமாக இருக்கிறது. டிக்கெட்டைப் பார்க்கும்போது இல்லை.

மடத்தில் இப்போதும் ஞாயிறுதோறும் கூடுகிறார்கள். எல்லாம் புது முகங்கள், நிறையப் படிக்கிறார்கள். "ஐயா, நீங்க இப்ப என்னா படிக்கிறீங்க?" என்று என்னையும் கேட்பார்கள். முதல் பாகத்தைத் தூக்கி டிக்கெட் இருக்கும் பக்கத்தைக் காட்டுவேன். இரண்டாம் பாகத்துக்கு அதை மாற்ற எனக்கு மனம் வரவில்லை. அவள் கேட்ட இடம் அதுதான்.

இதை நீங்கள் யாருக்காவது சொல்வதாக இருந்தால், எழுதியிருக்கிறபடியே சொல்லுங்கள். கடைசியில் நான் அவருக்கு மனமிரங்கிப் படித்துக் காட்டினேன் என்று என்னை நல்லவனாக்கிவிட வேண்டாம். அவர்தான் என் மனைவியைக் கொன்றார் என்று அவர்மேல் கூட்டியும் சொல்ல வேண்டாம். வாய்க்கு வந்தபடி ஒரு முடிவைச் சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். டிக்கெட்டை அதே பக்கத்தில் வைத்துப் பெட்டியை மூடிவிட்டேன்.