அண்ணாவின் புது பிரஷ்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உங்களில் அநேகமாக யாரும் என் அண்ணாவைத் தாடியோடு பார்த்திருக்க மாட்டீர்கள். அவர் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களைத் தவிர நானும் பார்த்ததில்லை. ஆண்டு நிறைவுக்கு அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் அதுதான் முதலில் நினைவுக்கு வருகிறது.

அண்ணா பிறந்தது கரமனையில், ஆற்றுக்குப் போகும் தெருவில். எங்கள் முன்னோர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மலையாள நாட்டுக்கு வந்தவர்கள். அப்பா காலமானபோது அண்ணா கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தார். படிப்பை நிறுத்திவிட்டு, ஆரியசாலையில் ஒரு மொத்தக் கடையில் பில் எழுதப் போனார். அந்தச் சம்பளத்தில்தான் நான் படித்துப் பத்திரிகை வேலைக்குப் போனேன். பிறகு அவரும் பரீட்சை எழுதி அரசு அலுவலகத்தில் பென்ஷன் பிரிவில் சேர்ந்தார். கல்லாறு போன்ற மலையடிவார ஊர்களிலிருந்து வயதானவர்கள் முதல் பஸ்ஸைப் பிடித்து மனுவோடு வருவார்கள். "அத்தனை தூரத்துலேர்ந்து வரவா முன்னாடி முள்ளு மூஞ்சியோட உக்காரப்படாது, கேட்டியா?" என்பார்.

ஓய்வு பெற்ற பிறகும் அந்த வழக்கம் மாறவில்லை. செவ்வாய், வெள்ளி, அமாவாசை தவிர மற்ற நாட்களில் குளிப்பதற்கு முன் பித்தளைக் கிண்ணம், சோப்பு, பிரஷ், அப்பாவின் பழைய ரேசர் எல்லாம் வரிசையாக வெளியே வரும். முகம் மழித்து, குளித்து, பூஜை முடித்த பிறகுதான் காபி.

இதய வால்வை மாற்றிய பிறகு சிக்கல் வந்தது. ரத்தம் உறையாமலிருக்க ஆயுள் முழுவதும் மாத்திரை சாப்பிட வேண்டும். சின்னக் கீறல் என்றாலும் ரத்தம் எளிதில் நிற்காது, ஈறிலும் மூக்கிலும் காரணமில்லாமல் ரத்தம் தெரிந்தால் உடனே வரவேண்டும் என்று டாக்டர் எச்சரித்தார். பெங்களூரிலிருக்கும் அண்ணாவின் மகள் மின்சார ரேசர் வாங்கி அனுப்பினாள். அண்ணா ஒரே ஒரு முறை அதை ஓட்டிப் பார்த்துவிட்டு, "இது என்ன மூஞ்சியா, புல்தரையா?" என்று அலமாரியில் வைத்துவிட்டார்.

பழைய பிரஷ்ஷில் முடி கொட்டிப் பாதிதான் மிஞ்சியிருந்தது. நுரை சரியாக எழாததால் பிளேடு தோலை இழுத்தது. ஒரு நாள் தாடையில் சின்ன வெட்டு. படிகாரக் கல்லை வைத்து அழுத்தியும் மதியம் வரை கசிந்துகொண்டே இருந்தது. அன்று மன்னி, அதாவது அண்ணாவின் மனைவி, தீர்த்துச் சொல்லிவிட்டார்.

"இனி ஒரு சொட்டு ரத்தம் கண்டேன்னா, பார்பரை வீட்டுக்கு வரச் சொல்லிடுவேன். ரேசரை நான் கண்ணுலயே காட்ட மாட்டேன்."

ஆபரேஷனுக்குப் பிறகு அண்ணா தனியாக பஸ் ஏறுவது போயிருந்தது. தனியாகக் கோவிலுக்குப் போவதும் போயிருந்தது. அவர் கையில் மிச்சமிருந்தது இந்த ஒன்றுதான்.

நல்ல நுரை எழுந்தால் வெட்டு விழாது என்று கணக்குப் போட்டு, சாலைக் கடைத்தெருவில் புது பிரஷ் ஒன்று வாங்கி வந்தேன். "பன்னியுடெ ரோமமாணு சாரே, நல்ல சாதனம்" என்று கடைக்காரர் மலையாளத்தில் சொன்னதை, பன்றி முடி என்பது உட்பட, வீட்டில் அப்படியே ஒப்பித்தேன். மன்னி பிரஷ்ஷை இரண்டு விரலால் தூக்கினார்.

"சிவசிவா! பூஜை பண்ற மனுஷனாக்கும். மஞ்சள் ஜலத்துல முக்கி வெச்சுத் தரேன்."

மஞ்சள் நீரில் ஊறவைத்து, வெயிலில் காயவைத்துக் கொடுத்தார். முடி கறுப்பு என்பதால் மஞ்சள் கண்ணுக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலை அண்ணா குளியலறைக்குள் போனார். தாழ் போடக்கூடாது என்பது மன்னியின் நிபந்தனை. நாங்கள் இருவரும் வெளியே நின்றோம். கிண்ணத்தில் பிரஷ் சுற்றும் சத்தம் கேட்டது. பிறகு நின்றது. உள்ளிருந்து வந்த குரல் எனக்குப் பழக்கமில்லாத குரலாக இருந்தது.

"டேய், இங்க வா. நான் பிளேடையே தொடலைடா."

கதவைத் தள்ளினேன். கன்னத்தில், மேலுதட்டில், தாடையில் எல்லாம் சிவப்பாக நுரை. விரலிலும் சிவப்பு. ரேசர் தாளில் சுற்றியபடியே இருந்தது. வெட்டே இல்லாமல் ரத்தம் என்றால் டாக்டர் சொன்னது இதுதான் என்று மூவருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியிருக்க வேண்டும். நான் ஆட்டோவுக்கு போன் செய்யத் திரும்பினேன். மன்னி துண்டை நனைத்து அவர் முகத்தைத் துடைத்தார். துடைத்த இடத்தில் தோல் சுத்தமாக இருந்தது. துண்டை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"மஞ்சள்னா இது! சோப்பு பட்டா செவக்கும்னு எனக்குத் தோணலையே. மஞ்சள் கறை பட்ட புடவையை எத்தனை தடவை தோய்ச்சிருக்கேன்!"

அண்ணா கண்ணாடியைப் பார்த்தார். "அப்போ ஆரத்தி எடுத்தாச்சு. இனி மணப்பெண் எங்க?" என்றார். மன்னி அழுதுகொண்டே சிரித்தார். ஆனால் அன்று அண்ணா மழித்துக்கொள்ளவில்லை.

பிரஷ்ஷைப் பல முறை கழுவினோம். மறுநாள் முதல் ஒரு புது வழக்கம் வந்தது. நுரை போட்டதும் உள்ளிருந்து "வெள்ளை!" என்று குரல் கொடுப்பார். மழித்து, முகம் துடைத்து, துண்டைப் பார்த்துவிட்டு இன்னொரு முறை "வெள்ளை!" இரண்டாவது குரல் கேட்ட பிறகுதான் மன்னி அடுப்பில் காபிக்குப் பால் வைப்பார். ரேசர் வெளியே வராத செவ்வாயும் வெள்ளியும் மன்னிக்கு நிம்மதியான நாட்கள்.

பார்பர் வரவேயில்லை. அதன் பிறகு ஒரு சின்ன வெட்டுகூட விழவில்லை.

சென்ற வருடம் அந்தக் காலையில் முதல் குரல் கேட்டது. நான் வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது குரல் வரவில்லை. மன்னிதான் முதலில் கதவைத் திறந்தார். அண்ணா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வலது கன்னம் மழித்திருந்தது, இடது கன்னத்தில் நுரை. எங்கும் ஒரு துளி ரத்தம் இல்லை. இதயம் நின்றுவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

அன்று காரை எடுத்து ஓடிவந்த பக்கத்து வீட்டு சுகுமாரனுக்கும், இத்தனை வருடம் எங்கள் பயங்களைப் பொறுமையாகக் கேட்ட டாக்டருக்கும், பதின்மூன்று நாளும் சமையலைத் தங்கள் பொறுப்பாக ஏற்றுக்கொண்ட எங்கள் தெருப் பெண்களுக்கும், பெங்களூரிலிருந்து மகள் வந்து சேரும்வரை மன்னியின் கையை விடாதிருந்த உறவினர்களுக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. வெந்நீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு எதுவும் கேட்காமல் வெளியே போய் நின்றவரும் சுகுமாரன்தான்.

அந்த வெந்நீரைக் கேட்டது மன்னி. அண்ணாவை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு, "பாதியோட அனுப்பப்படாது" என்றார்.

அந்த பிரஷ்ஷை நான் வாங்கியிருந்தேனே தவிர பிடித்ததில்லை. நுரை எழுப்பி இடது கன்னத்தில் தடவினேன். இனி வெட்டினாலும் ஒன்றும் ஆகப்போவதில்லை என்று தெரிந்தும் கை பயந்தது. மெதுவாக மழித்து முடித்து, துண்டால் துடைத்து, அதை வெளிச்சத்தில் பிரித்துப் பார்த்தேன்.

கதவுக்கு வெளியிலிருந்து மன்னி கேட்டார். "என்னடா?"

"வெள்ளை, மன்னி."