கம்பி இல்லாத கூரை: சாய்ந்தமருதில் ஒரு வளைவு வீடு

வளைந்த கட்டிடம் எங்கே இருந்தாலும் போய்ப் பார்த்துவிட்டு வந்து, அதை எழுதி உங்கள் பொறுமையைச் சோதிப்பது என் வழக்கம். பாக்கு நகரில், துவைத்த வெள்ளைத் துணியை உதறிவிட்டது போல நிற்கும் மண்டபத்தின் முன்னால் கழுத்து வலிக்க நின்றிருக்கிறேன். டோஹாவில் தட்டுகளை ஒன்றுக்குள் ஒன்று செருகியது போன்ற அருங்காட்சியகத்தில் வழி தவறி, காவலாளியின் சாப்பாட்டு அறைக்குள் நுழைந்திருக்கிறேன். ஒரு கணித ஆசிரியைக்கு இதற்கெல்லாம் ஏது காசு என்று கேட்கும் உறவினர்களுக்கு ஒரே பதில்: சொந்த வீடு கட்டாததால் மிச்சமானது.

இந்த முறை போனது சாய்ந்தமருதுக்கு. கல்முனைக்குத் தெற்கே மூன்று கிலோமீற்றர். என் கணவரின் தம்பி ஹலீம் ஜூலை மாதம் ஒரு குரல் பதிவு அனுப்பியிருந்தார். "மதினி, ஊர் ஊராப் போய்க் கட்டிடம் பாக்கிறீங்க. எங்கட வீட்டையும் ஒருக்கா வந்து பாருங்க. பாத்து நாலு வார்த்த சொல்லுங்க." டோஹாவில் அந்த அருங்காட்சியகம் எழும்பியபோது வேலையாட்கள் ஏறி நிற்கும் சாரம் கட்டிய கூட்டத்தில் ஹலீமும் ஒருவர். ஊர் திரும்பியதும் தன் வீட்டையும் அந்தப் பாணியில் கட்டிவிட்டாராம். என் ரசனைக்கு இப்போதாவது மரியாதை கிடைத்ததே என்று பூரித்து, ஓகஸ்ட் விடுமுறையின் முதல் வியாழனே கிளம்பிவிட்டேன். ஆசைப்படுகிறவர்களை ஏமாற்றுவது எளிது.

கண்டியிலிருந்து கல்முனைக்கு நேரடி பஸ் இருக்கிறது. காலை ஐந்தரைக்கு ஏறினோம். நாங்கள் போனபோது ஆளுக்கு எண்ணூற்று இருபது ரூபாய். மகியங்கனைக்கு இறங்கும் பதினெட்டு வளைவுகளிலும் என் கணவர் நவாஸ் கண்ணை மூடிக்கொண்டு ஓதினார். எனக்கு வளைவு பிடிக்கும் என்பதால் இடதுபக்க ஜன்னலோரம். அம்பாறை தாண்டி வயல்வெளி விரிந்தபோது பசி வந்தது. கல்முனையில் இறங்கும்போது மணி ஒன்று.

ஓட்டோக்காரரிடம் விலாசம் சொன்னேன். முந்நூறு ரூபாய் என்றவர், "ஆம வீட்டுக்குத்தானே?" என்றார்.

"எந்த ஆமை?"

"ஹலீம் காக்காட வீடு. ஊருக்குள்ள அப்பிடித்தான் சொல்லுவம். நல்ல வீடுகா, பிழை சொல்ல ஏலாது. தேங்கா விழுந்தா மட்டும் உருண்டு பக்கத்து வளவுக்குப் போயிரும். அந்த வளவுக்காரர் இப்ப சந்தையில தேங்கா வாங்கிறதே இல்ல."

வழியெல்லாம் மாடியில்லாத வீடுகளின் மொட்டைத் தளங்களில் தூண்களின் முனையிலிருந்து துருப்பிடித்த கம்பிகள் நீட்டிக்கொண்டு நின்றன. காசு போதாமல் நிறுத்திவிட்டார்கள் போலும் என்று நான் பரிதாபப்பட்டேன். ஓட்டோக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"காசில்லாம இல்ல. அது ரெண்டாவது மகள்."

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இந்தக் கரையோரத்தில் கலியாணம் என்றால் வீடு பெண்ணுக்கு. பெற்றோர் வீட்டை மகள் பெயருக்கு எழுதிவிட்டு ஒதுங்கிக்கொள்வார்கள். மாப்பிள்ளைதான் பெட்டியோடு வந்து குடியேறுவார். ஊர் நெருக்கம், புதுக் காணிக்கு வழியில்லை. ஆகவே கீழ்வீடு மூத்தவளுக்கு, மேல்வீடு இளையவளுக்கு. அவளுக்கான தூண்களின் கம்பியை முன்கூட்டியே வெளியே விட்டு வைப்பார்கள். (பெண் வீட்டில் குடியிருப்பது கௌரவக் குறைச்சல் என்று ஊரை விட்டு ஓடிவந்த நவாஸ், இருபத்து மூன்று வருடங்களாக என் வாப்பாவின் வீட்டில்தான் இருக்கிறார். அது வேறு கதை.)

ஹலீமின் வீட்டை முதலில் பார்த்தபோது, கேலி செய்ய வைத்திருந்த வாக்கியங்கள் எல்லாம் மறந்துவிட்டன. தரையிலிருந்து கிளம்பும் வெள்ளைக் கொங்கிறீட் ஒரு பக்கம் எழும்பி, வீட்டை மூடி, வாசலுக்கு மேலே அலை மடங்குவது போல முன்னால் வந்து நிற்கிறது. மூலை கிடையாது. உள்ளே நின்றால் கடற்காற்று சுவரைத் தடவிக்கொண்டே சுற்றி வருகிறது. சில இடங்களில் பூச்சு அம்மை போட்டிருந்தது உண்மைதான். ஆனாலும் அந்த அலையைப் பிடித்த கண் தேர்ந்த கண்.

அழைத்த காரணம் மறுநாள் குசினியில்தான் தெரிந்தது. கீழ்வீடு மூத்தவள் சிஃபானாவுக்கு எழுதியாகிவிட்டது. இளையவள் றிஸ்னாவுக்கு மருதமுனையில் சம்பந்தம் பேசி வைத்திருக்கிறார்கள். சனிக்கிழமை மாப்பிள்ளையின் உம்மா வீடு பார்க்க வருகிறார். அந்த வளைவின் மேல் இன்னொரு வீடு ஏற்ற முடியாது. உலகத்தரமான கூரை என்று அவரிடம் எடுத்துச் சொல்லிச் சமாளிக்கத்தான் நான்.

"ஒனக்குச் சம்மதமா புள்ள, இந்த மாப்பிள்ள?" என்று றிஸ்னாவிடம் கேட்டேன்.

"ஓம் பெரியும்மா." மீன் கழுவிக்கொண்டே சொன்னாள். பிறகு, வேறு யாரையோ பற்றிச் சொல்வது போல, "எல்லார்ட வீட்டு மேலயும் கம்பி நிக்கிது. எங்கட வீட்டு மேலதான் நான் இல்ல," என்றாள்.

என்னால் அந்தக் கூரையை அதற்குப் பிறகு முன்போல் பார்க்க முடியவில்லை.

சனிக்கிழமை மாப்பிள்ளையின் உம்மா தன் இரண்டு தங்கச்சிமாரோடு வான் வண்டியில் வந்து இறங்கினார். நானும் சால்வையைச் சரிசெய்துகொண்டு பாக்கு, டோஹா என்று தொடங்கினேன். பத்தாம் வகுப்பின் கடைசிப் பாடவேளைகூட இதைவிட ஆர்வமாகக் கேட்கும். அவர் வட்டிலப்பத்தை முடித்து, கையைத் துடைத்து, அண்ணாந்து பார்த்தார்.

"வடிவாத்தான் இரிக்கி. மேல எங்க?"

ஹலீம் என்னைப் பார்த்தார். இத்தகைய கூரையின் மேல் எதையும் ஏற்றக்கூடாது என்று சொல்ல எனக்கு ஆறு உதாரணங்கள் தயார். றிஸ்னா கதவுச்சேலைக்குப் பின்னால் நின்றாள். நான் வாயைத் திறக்கவில்லை.

"கட்டக்குள்ள யோசிக்கல்ல," என்றார் ஹலீம் கடைசியில்.

"எத யோசிக்கல்ல தம்பி? மாடியயா, புள்ளயயா?"

அந்த அம்மா எழுந்து, வாசல் வரை போய்த் திரும்பினார். "வீட்ட முடிச்சித் தாங்க எண்டு நாங்க கேக்கல்ல. எங்களுக்கும் பொம்புளப் புள்ளைகள் இரிக்கி. தூண் எழும்பட்டும். எழும்பினாப் பொறகு நாள் வைப்பம்."

பெண்ணைப் பெற்றவன் முதுகில் வீட்டையும் ஏற்றுவது என்ன நியாயம் என்று எனக்குள் ஒரு சண்டை. இந்த ஊரில் எந்தப் பெண்ணையும் அவள் வீட்டிலிருந்து வெளியேறச் சொல்ல ஒருவராலும் முடியாது என்பது அதற்கு எதிர்வாதம். இரண்டும் சரி. தீர்ப்பு எழுத நான் யார்? எனக்குத்தான் சொந்தமாக ஒரு கதவுகூடக் கிடையாதே.

ஞாயிறு காலை, ஹலீம் சொல்லியனுப்பிய மேசன் பாஸ் (கொத்தனாரை இங்கே அப்படித்தான் அழைப்பார்கள்) ஏணியோடு வந்தார். சாரக்காரன் ஹலீம் கட்டிய அத்திவாரம் மூன்று மாடி தாங்குமாம். சுவருக்குள் இருக்கும் ஆறு தூண்களின் தலைக்கு மேலே கூரையை உடைத்து, பழைய கம்பியோடு புதுக் கம்பியைச் சேர்த்துக் கட்டினால் போதும். முதல் அடியை வேறு யாரும் அடிக்கக்கூடாது என்று ஹலீமே ஏறினார். கொஞ்ச நேரம் ஓங்கிய சுத்தியலோடு அப்படியே நின்றார். பிறகு அடித்தார். வெள்ளைக் கொங்கிறீட் துண்டு ஒன்று வழுக்கிக்கொண்டு வழக்கம்போல் பக்கத்து வளவுக்குப் போனது.

ஐந்து தூண் முடிந்து வாசல் அலைக்கு வந்தபோது றிஸ்னா கீழே தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து நின்றாள்.

"வாப்பா, இந்த முன்பக்கத்த விட்டிருங்க. தூணக் கொஞ்சம் உள்ளுக்கு எடுக்க ஏலும் எண்டு பாஸ் சொல்றார்."

"ஒனக்கு இது புடிக்காது எண்டுதானே நினச்சன்."

"ஆர் சொன்ன? இறங்குங்க, தேத்தண்ணி ஆறுது."

ஹலீம் இறங்கி வர வெகுநேரம் எடுத்தது. முகத்தில் சீமெந்துத் தூசு. கண்ணைத் துடைத்தபோது தூசுக்காகத்தான் என்று எல்லோரும் நம்பினோம்.

போக நினைப்பவர்களுக்கு: ஓகஸ்டில் வெயில் கடுமை, காலை எட்டுக்கு முன் நடந்துவிடுங்கள். வெள்ளிக்கிழமை மதியம் கடைகள் மூடியிருக்கும். கல்முனையில் சுமாரான அறை மூவாயிரத்து ஐந்நூறுக்குக் கிடைக்கிறது. ஒலுவில் வெளிச்சவீடு இருபது கிலோமீற்றருக்குள்தான், பின்னேரம் போகலாம். எருமைத் தயிரை நம்பி வாங்கலாம். ஆமை வீட்டைத் தேடிப் போகிறவர்கள் வந்த அன்று நான் எடுத்த படங்களை நம்பிப் போகாதீர்கள். இப்போது அது வெள்ளை வளைவைக் குத்திக்கொண்டு ஆறு கம்பிக் கட்டுகள் நிற்கும் ஒன்று. நான் நேரில் பார்த்த கட்டிடங்களில் அவலட்சணத்தில் அதற்கே முதலிடம். நான் அதிகம் படமெடுத்ததும் அதைத்தான்.

கிளம்பும்போது, மேல்வீடு எப்போது முடியும் என்று ஹலீமிடம் கேட்டேன். அவர் மேலே பார்த்து, பாஸைக் கூப்பிட்டு, கட்டப்போகிற மேல்வீட்டின் மொட்டைத் தளத்துக்கு மேலேயும் கம்பி விடச் சொன்னார்.

"ஏன் மதினி முடியணும்? சிஃபானாட மகளுக்கு இப்ப ரெண்டு வயசு."