கழலாத பைண்டிங்

ஹில்கா சிரித்து யாரும் பார்த்ததில்லை. பையன்கள் அவளுக்கு வைத்த பெயர் குறடு. மலையடிவாரத்துப் பனிச்சறுக்குக் கடையில் பலகைகளுக்கு பைண்டிங் பூட்டுவது அவள் வேலை. வாயில் எப்போதும் ஒரு கறுப்பு உப்பு மிட்டாய் இருக்கும், கையில் திருப்புளி இருக்கும். பூட்ஸைப் பலகையோடு கவ்விக்கொள்ளும் அந்த இரும்பு வாய், ஆள் விழும்போது தானாகத் திறந்து காலை விட்டுவிட வேண்டும். எப்போது விடுவது என்பதை ஒரு திருகாணி முடிவு செய்கிறது. திருகாணியின் விஷயத்தில் முடிவு ஹில்காவுடையது.

தாவிக் குட்டிக்கரணம் போடுகிற கூட்டத்துக்கு இது ஆகாது. அந்தரத்தில் பலகை கழன்றால் மானம் போய்விடுமாம். கால் போவதைப் பற்றி மூச்சு விட மாட்டார்கள். ஹில்கா வைத்துக் கொடுத்ததை மலைமேல் ஏற்றிவிடும் லிஃப்ட் வரிசையில் நின்றபடியே ஆளாளுக்கு இறுக்கிக்கொள்வார்கள்.

நீலோ கடைசிவரை இறுக்கியவன். போன மார்ச்சில் தாவுமேட்டைத் தாண்டி, காட்டோரத்து ஆழப்பனியில் தலைகுப்புறச் செருகிக்கொண்டான். கால் விடுபடவே இல்லை. தோண்டி எடுத்தபோது உயிர் இல்லை, இரண்டு பலகையும் காலிலேயே இருந்தன.

டிசம்பரில் அவன் தங்கை சைமி அதே பைண்டிங்கோடு கடைக்கு வந்தாள்.

"சனிக்கிழமை போட்டி. இத என் பலகைல பூட்டிக் குடு."

ஹில்கா மேசைமேல் புதியவற்றைப் பரப்பினாள். "இதப் பாரு. உடனே கழட்டி விடாது, கொஞ்சம் அசைஞ்சு குடுத்துத் திரும்ப வந்து உக்காரும். தடதடன்னு இறங்கினாலும் தாங்கும். இன்னொண்ணு தாழ்வா இருக்கும், பின்பக்கமா இறங்குறவங்களுக்கு நல்லது."

"எனக்கு நீலோவோடதுதான் வேணும்."

"அடியே, இது என்ன உங்கண்ணன் சட்டையா, மாட்டிக்கிட்டுத் திரியறதுக்கு?"

"சட்டையும் மாட்டிட்டுதான் வந்திருக்கேன்." சைமி ஜாக்கெட்டைத் திறந்து காட்டினாள். தோள் தொங்கிப்போன பெரிய சட்டை.

ஹில்கா மிட்டாயைக் கடித்து நொறுக்கினாள். பைண்டிங்கைச் சோதனை யந்திரத்தில் மாட்டி முறுக்கிப் பார்த்தாள். உள்ளே சுருள்வில் நன்றாகத்தான் இருந்தது. அந்தப் பெண்ணின் எடைக்கு, இறுக்கத்தைக் காட்டும் முள் ஏழில் நின்றால் போதும். ஏழில் வைத்துப் பூட்டி, பலகையைச் சுவரோரம் சாய்த்தாள்.

மறுநாள் காலை முள் பதினொன்றில் நின்றது.

"ரெய்யோ, இதத் தொட்டியா?"

"உன் மேசைல கை வைக்க எனக்கென்ன பைத்தியமா? விரல எண்ணித்தான் வீட்டுக்குப் போகணும்," என்றான் கல்லாவில் இருந்தவன்.

மறுபடி ஏழு. உள்ளே போய்க் காப்பி ஊற்றிக்கொண்டு வருவதற்குள் மறுபடி பதினொன்று. கடையில் வேறு ஆளில்லை, ரெய்யோ சாப்பிடப் போயிருந்தான். மதியம்தான், ஆனாலும் வடகோடிக் குளிர்காலம், வெளியே இருட்டிவிட்டிருந்தது. பலகைக்கு முன்னால் தரையில் பூட்ஸ் தடமாகப் பனி கிடந்தது. பக்கத்தில் கணப்பு எரிந்தும் அது உருகவில்லை. தொட்டுப் பார்த்தாள். குளிரவும் இல்லை.

மூன்றாம் தடவை ஏழில் வைத்துவிட்டு எதிரிலேயே உட்கார்ந்தாள். டிக். திருகாணி தானாக நகர்ந்தது. டிக். அவசரமே இல்லாத கை. எழுந்து ஓடியிருப்பாள். ஆனால் நாளைக்குப் போட்டி. இப்படியே கொடுத்தால் அந்தப் பெண்ணும் அண்ணன் போன வழியிலேயே போய்விடுவாள்.

"டேய் நீலோ," என்றாள்.

சத்தம் நின்றது.

"அவ பலகை அந்தரத்துல கழண்டுரக் கூடாதுன்னு பாக்கிற. நல்ல அண்ணன்தான். ஆனா மடையன்டா நீ. உன்னத் தோண்டினப்ப நானும்தான் மண்வாரி பிடிச்சேன். ரெண்டும் கால்லயே இருந்துச்சுடா."

கணப்புகூடச் சடசடப்பதை நிறுத்தியது. பிறகு முள் பின்னால் வரத் தொடங்கியது. ஏழைத் தாண்டியது, ஐந்தைத் தாண்டியது.

"ஏய், போதும்! நடந்தாலே கழண்டுரும். ஊர் சிரிக்கவா?" என்று திருப்புளியை வைத்து ஏற்றினாள். எதிர்ப்பக்கம் எதுவோ இழுத்தது. இவள் ஏற்ற, அது இறக்க, மீன் சந்தைப் பேரம் தோற்றது. "சரி, ஆறரை. உனக்கும் வேணாம், எனக்கும் வேணாம்." முள் ஆறரையில் நின்றது.

சனிக்கிழமை லிஃப்ட் வரிசையில் சைமி திருப்புளியை எடுத்தாள். திருகாணி அசையவில்லை. கூட இருந்த தடியன்கள் முக்கிப் பார்த்தும் அசையவில்லை. "அந்தக் குறடு எதையோ ஊத்தி ஒட்டிருச்சு!" என்று திட்டிக்கொண்டே மேலே போனாள்.

இரண்டாவது தாவலில் ஒரு சுற்று அதிகமாகிவிட்டது. அதே காட்டோரம், அதே ஆழப்பனி. தலைகுப்புறப் போனாள். வேலியோரம் நின்ற ஹில்கா பார்த்தது, இரண்டு பலகையும் தனித்தனியாகத் தெறித்ததைத்தான். இடுப்பளவுப் பனியில் உழன்று அவள் போய்ச் சேர்வதற்குள் சைமி வெளியே வந்து, பனியைத் துப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இடது கை மட்டும் விறைப்பாக முன்னால் நீண்டிருந்தது.

"தூக்கி விட்டது சரி. யாரு இது, இன்னும் கையப் பிடிச்சிட்டு? வலிக்குது, விடச் சொல்லு."

சுற்றிலும் யாரும் இல்லை.

"விட்டுருவான்," என்றாள் ஹில்கா, அவள் பக்கத்தில் பனியில் உட்கார்ந்தபடி. "கொஞ்சம் பொறு."