மறந்துபோன மாப்பிள்ளை முகம்

கண் விழித்ததும் எனக்கு முதலில் தெரிந்தது அண்ணியின் மூக்குத்தி. சன்னலில் சாக்கைக் கட்டி அறையை இருட்டாக்கியிருந்தார்கள். அந்த இருட்டிலும் அது மினுக்கியது. செட்டிகுளத்து முருகனுக்கு அர்ச்சனை செய்துவிட்டுத் திரும்பும் வழியில் எங்கள் மாட்டுவண்டி குடை சாய்ந்து, என் தலை கல்லில் மோதியதாம். பெரம்பலூரிலிருந்து வந்த டாக்டர், மூளை அதிர்ந்திருக்கிறது என்றார். வெளிச்சம் கூடாது, படிக்கக் கூடாது, தலையைக் குனியவே கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டுப் போனார். "எதுக்கு அண்ணி அர்ச்சனை?" என்று கேட்டேன். என் நெற்றியில் ஈரத்துணியை மாற்றிக்கொண்டிருந்த அண்ணி திடுக்கிட்டுப் பார்த்தார். "என்ன பாப்பா இப்படிக் கேக்குற? ஒனக்குக் கல்யாணம் நிச்சயமானதுக்குத்தான்!"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஜெயங்கொண்டத்திலிருந்து வந்து பெண் பார்த்தார்களாம், நான் பலகாரத் தட்டை நீட்டினேனாம், தாம்பூலம் மாற்றிக்கொண்டார்களாம். விழுவதற்கு முந்திய நாட்களில் ஒன்றுகூட எனக்கு நினைவில்லை. கட்டிக்கொள்ளப் போகிறவர் கறுப்பா சிவப்பா, மீசை உண்டா இல்லையா, எதுவும் தெரியவில்லை. இப்போது பையனும் பெண்ணும் ஓட்டலில் எதிரெதிரே உட்கார்ந்து மணிக்கணக்காகப் பேசிவிட்டு முடிவு சொல்கிறார்கள். எங்கள் காலத்தில் பெண் பார்க்கும் அன்று கிடைக்கிற ஒரு பார்வைதான். அதை விட்டால் மணவறைதான். அந்த ஒன்றையும் நான் தொலைத்துவிட்டேன். படுத்தபடியே அண்ணியைத் துளைத்தெடுத்தேன். "மூக்கும் முழியுமா இருக்காரு பாப்பா" என்பார். மூக்கும் விழியும் இல்லாத மாப்பிள்ளை எங்கே இருக்கிறார்? கடைசியில் கேட்டால், கதவிடுக்கு வழியாக அவரும் மாப்பிள்ளையின் முதுகைத்தான் பார்த்தாராம்! "ஒரே ஒரு தடவ பாத்துட்டாப் போதும் அண்ணி" என்று அழுதேன்.

இதற்குள் பெண்ணுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று யாரோ கதை கட்டிவிட, அது ஜெயங்கொண்டம் வரை போய்விட்டது. அப்பா இடிந்துபோனார். அண்ணியோ துள்ளி எழுந்தார். "அவங்களையே வந்து பாத்துட்டுப் போகச் சொல்லுங்க மாமா. மாப்பிள்ளையும் வரட்டும்" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு, என் காதில் கிசுகிசுத்தார்: "நீதான் குனியக் கூடாதே. நல்லா நிமிந்து ஒக்காந்து பாரு. டாக்டர் உத்தரவு, யாரு என்ன சொல்ல முடியும்?" மறந்த விஷயத்தைப் பற்றி மட்டும் மூச்சு விடக் கூடாது என்று எச்சரித்தார். அதற்குப் பிறகு எனக்குத் தலைவலியே தெரியவில்லை. எழுந்து குதிக்காததுதான் பாக்கி.

யுத்த காலம் அது. பெட்ரோல் கிடைக்காமல் பஸ்கள் கரியில் ஓடின. மாப்பிள்ளையின் அம்மா முன்னால் வர, ஒரே வயதுள்ள இரண்டு இளைஞர்கள் பின்னால் வந்தார்கள். மாப்பிள்ளையும் அவருடைய சிநேகிதருமாம். நான் சுவரில் சாய்ந்து நிமிர்ந்து உட்கார்ந்து, இருவரையும் கண்ணாரப் பார்த்தேன். வலப்பக்கம் இருந்தவர் வெள்ளைச் சட்டையும் விறைப்புமாக மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இடப்பக்கம் இருந்தவருக்குக் கன்னமெல்லாம் பஸ் கரி. அதைக் கையால் துடைத்து மூக்குக்கும் பரப்பிவிட்டு, தானே சிரித்துக்கொண்டார். ஐயோ, இவராக இருக்கக் கூடாதா என்று என் நெஞ்சு அடித்துக்கொண்டது.

அந்த அம்மாள் கெட்டிக்காரி. என் பெயரைக் கேட்கவில்லை, ஊரைக் கேட்கவில்லை. "இந்த ரெண்டு பேருல மாப்பிள்ளை யாருன்னு சொல்லு பாப்போம்" என்றார்.

இவ்வளவுதானா என்று அப்பா நிம்மதியாகச் சிரித்தார். கதவுக்குப் பின்னால் அண்ணியின் வளையல் சத்தம் சட்டென்று நின்றது. குருட்டாம்போக்கில் யாரையாவது காட்டியிருக்கலாம். ஆனால் மனதுக்குப் பிடித்தவரைக் காட்டி, அவர் வெறும் சிநேகிதர் என்றாகிவிட்டால் கல்யாணமும் போகும், மானமும் போகும். "தெரியலைங்க" என்று சொல்லிவிட்டேன். அந்த அம்மாளின் முகம் சுருங்கியது. அப்பா பதறி எழுந்துவிட்டார்.

அப்போது ஒரு சிரிப்புக் குரல் கேட்டது. "என்னம்மா நீங்க! அன்னிக்கு அவங்க தலையத் தூக்கவே இல்லியே. பாக்காத மொகத்த இப்ப எப்படிக் கண்டுபிடிப்பாங்க?"

நான் தொலைத்துவிட்டதாக அழுத அந்தப் பார்வை எனக்குக் கிடைக்கவே இல்லையாம்! அந்த அம்மாள் பேசிய மகனை ஒரு முறை, என்னை ஒரு முறை பார்த்துவிட்டுத் தானும் சிரித்தார். கதவுக்குப் பின்னால் அண்ணி அடக்க முடியாமல் சிரித்தது கூடம் முழுக்கக் கேட்டது. எனக்கு அவர்களுடைய சிரிப்பெல்லாம் காதிலேயே ஏறவில்லை. பேசியவர் இடப்பக்கம் இருந்தவர்.