கயிற்றை விடாத சங்கம்

ஜப்பானில் ஒரு மீன்பிடித் துறைமுகம். தரையெல்லாம் செதிலும் ஐஸ் தண்ணீரும். வெள்ளைக் கையுறை போட்ட தேர்தல் வேட்பாளர் ஒருவர், ரப்பர் சப்பாத்துடன் நின்ற ஒரு கிழவருக்கு முன்னால் இடுப்பு வளையக் குனிந்தார். கிழவர் மீனவர் சங்கத் தலைவர். அந்தச் சங்கம் சம்மதிக்காமல் அங்கே கடலில் ஒரு கூடை மண் கொட்ட முடியாது என்றும், சங்கத்து வாக்குகள் எல்லாம் ஒரே ஆளுக்கு விழும் என்றும் என்னுடன் மீன்பெட்டி தூக்கியவன் சொன்னான். கூலிக்குப் போன நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன்.

இலங்கையில் யுத்தம் முடிந்து எங்கள் ஊரான கற்பிட்டிக்குத் திரும்பியபோது, எங்கள் கரைவலைப் பாட்டை, அதாவது வலை இழுக்கும் கடற்கரையை, ஒரு ஹோட்டல்காரன் கேட்டுக்கொண்டிருந்தான். கரைவலைச் சங்கத் தலைவர் என் சாச்சா, வாப்பாவின் தம்பி. ஜப்பான் கதையை நான்தான் அவருக்குச் சொன்னேன். "அப்ப நாமளும் ஒரே கையா நிண்டா, நம்மளத் தேடியும் வருவாங்கதானே மகன்?" என்றார். வந்தார்கள். இரண்டு வேட்பாளர்களில் ஒருவர் கரையைக் காப்பாற்றுவதாகச் சொன்னார். சங்கத்து வாக்கெல்லாம் அவருக்கே என்று, வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் பள்ளிவாசல் முற்றத்தில் சாச்சா எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். ஜப்பானில் தோற்றவனும் அடுத்த தேர்தலுக்கு அதே சங்கத்தின் வாசலுக்குத்தான் வர வேண்டும். இங்கே யாரை அடிக்க வேண்டும் என்று மற்றவனுக்கு நாங்களே காட்டிக்கொடுத்துவிட்டோம்.

மற்ற வேட்பாளரின் ஆட்கள் பட்டப்பகலில் தடியும் பொல்லுமாக வந்தார்கள். வலை பாதி கரைக்கு வந்திருந்தது. கயிற்றை விட்டால் மீனும் போகும், வலையும் போகும். "கயித்த விடாதீங்கடா!" என்று சாச்சா கத்தினார். விடவில்லை. இரண்டு கையும் கயிற்றில் இருக்க, தலையிலும் முதுகிலும் அடி விழுந்தது. எனக்கு முன்னால் நின்றவரின் விரல்கள் கயிற்றோடு சேர்ந்து நசுங்கின. சாச்சாவின் தாடை உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. கடைசியில் அவர்கள் கத்தியால் கயிற்றை அறுத்தபோதுதான் எல்லோரும் மணலில் விழுந்தோம். அதை நினைத்தால் இன்றைக்கும் பெருமையும் ஆத்திரமும் ஒன்றாகத்தான் வருகின்றன.

தேர்தலில் எங்கள் ஆள்தான் வென்றார். ஆஸ்பத்திரிக்கு சாச்சாவைப் பார்க்க வந்தார். தாடையைக் கம்பியால் கட்டியிருந்ததால் சாச்சாவால் பேச முடியவில்லை.

"ஆரு அடிச்ச எண்டு காட்டுங்க தலைவர், நான் பாத்துக்கொள்றன்."

சாச்சா மெல்லக் கையைத் தூக்கி, அவருக்குப் பின்னால் அப்பிள் பையோடு நின்றவனைக் காட்டினார். எனக்கும் அவனை அடையாளம் தெரிந்தது. தாடையை உடைத்தவன் அவன்தான்.

வென்றவர் சிரித்தார். "அது அப்ப. இப்ப அவர் நம்மட ஆள். ஹோட்டல் முதலாளியும் நம்மட ஆள்தான்."

பொல்லடிக்கு அழாத மனிதர், அவர்கள் போனதும் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அடுத்த மாதமே கரையில் முள்வேலி வந்தது. இப்போது அந்தக் கடலில் கால் நனைக்க, ஹோட்டல் காவலனிடம் நாங்கள் அனுமதி கேட்கிறோம்.